அரை பாட்டில் இட்லிப் பொடி

முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தேன். அந்த வேலையைக் கண்ணால் பார்த்ததைவிட மூக்கால் பார்த்ததுதான் அதிகம். சீசன் தொடங்கிவிட்டால் என்னைக் குற்றாலத்துக்குப் போட்டுவிடுவார்கள். பேரருவிக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு, குடித்துவிட்டுக் குளிக்க வருகிறவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சாரலில் நனைந்தபடி கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒவ்வொருவனையும் நிறுத்தி விசாரிக்க முடியாது, ஆனால் பக்கத்தில் கடந்து போகும்போதே எனக்குத் தெரிந்துவிடும். சிலர் கொய்யா இலையை மென்றுவிட்டு வருவார்கள், சிலர் ஏலக்காயை. யார் சொல்லிக்கொடுத்தார்களோ, பச்சை வெங்காயத்தைக் கடித்துவிட்டு வந்தவனையும் பார்த்திருக்கிறேன். "வாயை ஊதுலே" என்பேன். ஊதுவதற்கு முன்பே அவன் முகம் செத்துப்போகும். ஏட்டையா இருக்கும்போது மெஷின் எதற்கு என்று கூட நின்ற கான்ஸ்டபிள்கள் சொல்வார்கள். எனக்கு அதில் தலை கொள்ளாத பெருமை.

வீட்டிலும் அதே மூக்குதான். குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. முனையில் பைக்கைத் திருப்பும்போதே அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியும். செருப்பைக் கழற்றிக்கொண்டே அதை அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். "என்னட்டி, தீயலா? உள்ளி கொஞ்சம் கூடுதலா வதங்கிட்டு போல." என் மனைவிக்கு இது பிடிக்காது. மூடி வைத்ததைத் திறந்து காட்டுகிற சந்தோஷத்தைத் தினமும் கெடுக்கிறேன் என்பாள். "எங்க அப்பா எனக்கு மாப்பிள்ளை பாத்தாவளா, மோப்ப நாய் பாத்தாவளான்னு தெரியல" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் கேட்காதவன் போலப் பேப்பரைப் புரட்டுவேன்.

அவள் செய்ததிலேயே எனக்கு உயிரானது இட்லிப் பொடி. கறி மீனெல்லாம் அதற்குப் பிறகுதான். கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுப்பாள். கடலைப்பருப்பு தனியாக, வத்தல் தனியாக. பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு ஈரம் போகும்வரை புரட்டுவாள். எள்ளை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு சட்டிச் சூட்டில் போடுவாள். அது நாலு வெடிப்பு வெடித்ததும் முறத்தில் கொட்டிவிடுவாள். எல்லாம் ஆறிய பிறகு கொரகொரவென்று அரைத்துக் கண்ணாடி பாட்டிலில் அடைப்பாள். அதை ஃபிரிட்ஜில் வைக்க விடவே மாட்டாள். "அங்கன வச்சா பொடி செத்துப்போவும். பொறவு மாவு வாடைதான் அடிக்கும்" என்பாள்.

கொரோனா இரண்டாம் தடவை வந்த கோடையில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. நான் ஓய்வு பெற்று அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மகளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளை வராதே என்று சொல்லிவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். வாயில் ஊற்றினால் வெந்நீரில் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. "காபித்தூள் போட்டியா இல்லியாட்டி?" என்று கத்தினேன். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சண்டை போடவில்லை. "போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கையால் நான் வாங்கிக் குடித்த கடைசிக் காபி அது. திட்டிக்கொண்டே குடித்தேன். மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் பார்க்க விட்டார்கள்.

அதற்குப் பிறகு சோறு மண்ணாக இருந்தது. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பதினாறாம் நாள் இலையில் என்னென்னவோ விழுந்தது. வாயில் போட்டேன், மென்றேன், விழுங்கினேன். உப்பு தெரிந்தது. புளிப்பு தெரிந்தது. மிளகாய் எரித்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா ஏதோ கொடுக்க வந்தவர், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, உள்ள என்ன செத்துக் கெடக்கு?" என்றார். அடுப்படியில் எலி செத்து மூன்று நாளாகியிருந்தது. நான் அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தென்காசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். இளம் வயது, பொறுமையான ஆள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு இரண்டு மிட்டாய்களை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். கண்ணைத் திறந்து உறைகளைப் பார்த்தால் ஒன்று ஆரஞ்சு, ஒன்று மாங்காய். பிறகு அவர் சொன்னதை நான் வாக்குமூலம் எழுதுகிற மாதிரி மனதில் எழுதிக்கொண்டேன். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு கறிச்சாறில் வருகிற ஒரு ருசி. அவ்வளவுதான் அதன் படிப்பு. காரம்கூட ருசியில் சேராதாம், அது வலி. மற்றதெல்லாம் வாசனை. நாம் மெல்லும்போது உணவின் வாசனை தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்கு சொல்வது, மூக்கு சொல்வது, சூடு, மொறுமொறுப்பு, கண் பார்த்தது, முன்பு சாப்பிட்ட ஞாபகம், எல்லாவற்றையும் மூளை சேர்த்துப் பிசைந்து, இதுதான் ருசி, உன் வாயில்தான் இருக்கிறது என்று நம்மிடம் சொல்கிறது. வாயில் இருப்பதாகச் சொல்வது பொய். மூளைக்குள்தான் இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. "அப்போ என் பொண்டாட்டி இருபத்தேழு வருஷம் சமைச்சது எல்லாம் என் மண்டைக்குள்ளதான் நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"பாதி அடுப்புல சார், பாதி உங்களுக்குள்ள" என்றார். "அடுப்புல நடந்த பாதியை வாங்கி உள்ள அனுப்புற வழி அடைஞ்சிருக்கு. திறக்கலாம். திறக்காமலும் போகலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன்."

மூக்குக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், ரோஜா. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்து, அந்த வாசனையை நினைத்துக்கொண்டே முகர வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் வாயை ஊதச் சொன்னவன், அடுப்படியில் தனியாக உட்கார்ந்து ஒரு கிராம்பிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கிராம்பு வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பொடி என் கண்ணில் பட்டது. காய்ச்சலுக்கு முந்தின வாரம் அரைத்தது. பாதி சாப்பிட்டிருந்தோம், பாதி பாட்டிலில் இருந்தது. நான் அதைத் தொடாமல் விட்டிருந்தது பொடி என்ற நினைப்பே வராததால்தான். அவள் புடவைகளை மகள் எடுத்துப்போய்விட்டாள். போட்டோ சுவரில் தொங்குகிறது, பார்க்கலாம். ஆனால் அவள் கை பட்டு, அவள் பதம் பார்த்து இறக்கிய ருசி உலகத்திலேயே இனி இந்த அரை பாட்டிலில்தான் இருக்கிறது. இப்போது சாப்பிட்டால் உப்பும் எரிச்சலும்தான் கிடைக்கும், அத்தனையும் வீண். மூக்கு திரும்புகிற நாளுக்கு இதை வைத்திருப்பது என்று முடிவு செய்தேன்.

பிடித்த சாராயத்தின் மாதிரியைக் கோர்ட்டுக்கு எப்படிக் கட்டி அனுப்புவோமோ அப்படிக் கட்டினேன். மூடியை இறுக்கி, வெள்ளைத் துணி சுற்றி, சணலால் முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றினேன். பீரோவில் அவள் நகைப்பெட்டி இருந்த தட்டில் வைத்துப் பூட்டினேன். ஃபிரிட்ஜில் வைக்கத் தோன்றாமல் இல்லை. அவள் கூடாது என்று சொன்னதை அவள் இல்லாதபோது செய்ய மனம் வரவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை திறப்பேன். அரக்கை உடைத்து, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் காத்திருப்பேன். உப்பு வரும். எரிச்சல் வரும். பல்லில் எள் நெறிபடும். எள் என்பது பல்லுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. மறுபடி துணி சுற்றி அரக்கு ஊற்றிப் பூட்டுவேன். அன்றைக்கு யாரோடும் பேச மாட்டேன். போன் அடித்தால்கூட எடுக்க மாட்டேன்.

மாசி மாதம் மகள் போன் பண்ணினாள். மூன்று மாதம் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள். மசக்கையில் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்று அவள் மாமியார் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டீயளே?"

"கேளும்மா."

"அம்மா அரைச்ச பொடி அங்கன இருக்காப்பா? எதைப் பாத்தாலும் கொமட்டுது. அந்தப் பொடி இருந்தா ரெண்டு இட்லி இறங்கும்னு தோணுது. நேத்து கனவுல வந்துச்சு."

பீரோ எனக்கு எதிரிலேயே இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அது அப்பவே தீந்து போச்சேம்மா" என்றேன். எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லக் கேட்டவன். அவர்களில் ஒருவன்கூட இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

"சரிப்பா. சும்மாத்தான் கேட்டேன்" என்றாள். பிறகு மாத்திரை போட்டீயளா என்று கேட்டு வைத்துவிட்டாள்.

என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். மசக்கையில் எதைக் கொடுத்தாலும் வாந்திதான் எடுப்பாள். அப்படி வீணாவதற்கா இதை வைத்திருக்கிறேன். மூக்கு வரட்டும், வந்ததும் அவளோடு உட்கார்ந்து இருவருமாகச் சாப்பிடுவோம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விஷயத்தைப் பாதி மறைத்துச் சொன்னபோது அவர் சட்டென்று, "பொடி இல்லைன்னா வேற ஆக்கியாவது குடுங்க அண்ணாச்சி. புள்ளத்தாச்சி ஆசைப்பட்டதைக் குடுக்காம விட்டா பொறக்குற பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்" என்றார். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சத்தம் போட்டேன். போட்ட சத்தம் கொஞ்சம் அதிகம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் கடையில் ஒரு பாக்கெட் பொடி வாங்கி மருமகன் பக்கத்து ஆள் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

ஏழாம் மாதம் சிவகிரியில் வளைகாப்பு நடந்தது. அம்மா இல்லாத பிள்ளைக்குச் சாதம் கட்டிக்கொண்டு போக என் தங்கை வந்து ஏழு வகை கிளறினாள். எப்படி இருக்கு அண்ணே, உப்புப் போதுமா என்று என்னிடம் ஒரு கரண்டி நீட்டினாள். பழக்கதோஷம். நான் போதும் என்றேன். வளையல் போட்ட கையோடு மகளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஆனி கடைசி. சாரல் பிடித்துக்கொண்டது. துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், கதவு வீங்கி மூடாது. எங்கள் பக்கம் அதுதான் நல்ல காலம். எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு நான் அருவிப் பக்கம் போயிருக்கவில்லை. அந்த வாரம் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பழைய பழக்கக்காரர் ஒருவரைத் தென்காசிப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மூக்கு விஷயத்தைச் சொன்னதும், "ஏட்டையா, இம்புட்டு நாளும் மாத்திரையைத் தின்னுட்டு இருக்கிய. நல்லெண்ணெயைத் தலையில வச்சுத் தேய்ச்சு, ஐந்தருவியில உச்சந்தலையைக் குடுங்க. அடைச்சது எல்லாம் பொளந்துக்கிட்டு வரும்" என்றார். சாதாரணமாக இதற்கு ஒரு முறை முறைத்திருப்பேன். அன்றைக்கு, எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

விடிந்தும் விடியாமலும் போனோம். கூட்டம் இன்னும் வரவில்லை. அவர் என் தலையிலும் முதுகிலும் கழுத்திலும் எண்ணெயை அறைந்து அறைந்து தேய்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தார். பிறகு தண்ணீருக்கு அடியில் போய் நின்றேன். தலையில் கல்லைக் கொட்டுவதுபோல் விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுதேன் என்பது மட்டும் தெரியும், அந்தத் தண்ணீருக்குள் யார் அழுதாலும் வெளியே தெரியாது. நடுங்கிக்கொண்டே வந்து துண்டைச் சுற்றிக்கொண்டபோது பசி எடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நான் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வயிறே கேட்டது.

வீட்டுக்கு வந்து தலைகூடத் துவட்டாமல் இட்லி ஊற்றினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். அன்று அமாவாசை இல்லை. முறையை மீறினேன். அரக்கை உடைத்து, ஒரு ஸ்பூன் பொடியைத் தட்டில் குவித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டேன். இட்லியிலிருந்து ஆவி பறந்தது. ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. பிட்டு, தோய்த்து, வாயில் போட்டேன்.

வந்தது.

உளுந்தின் வறுபட்ட தோல் வந்தது. பூண்டு வந்தது. கடைசியில் எள் வந்தது, சட்டிச் சூட்டில் நாலு வெடிப்பு வெடித்த அவளுடைய எள். ஒன்று விடாமல் வந்தது. அவள் அடுப்படியில் நிற்கிறாள் என்றே தோன்றியது, திரும்பிக்கூடப் பார்த்தேன். இரண்டாவது விள்ளலும் அப்படியே. மூன்றாவதும். எண்ணெய் சட்டையெல்லாம் வழிந்தது. "ஏட்டி, யம்மா, எந்திச்சு வா" என்று கத்தினேன்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதறி ஓடிவந்தாள். "என்னப்பா, என்ன செய்யுது?"

"ருசி வந்துட்டும்மா. உங்க அம்மா பொடி. இங்கன உக்காரு, சாப்பிடு."

அவள் தட்டைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த வெள்ளைத் துணியையும் சணலையும் உடைந்த அரக்கையும் பார்த்தாள். போலீஸ்காரன் மகள், ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தீந்து போச்சுன்னு சொன்னீயளேப்பா" என்றாள்.

"சாப்பிடும்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு விள்ளலைப் பொடியில் தோய்த்து வாயில் வைத்தாள். மெல்லாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் நிறைந்தது. அது எதனால் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "எப்படிம்மா?" என்றேன். "அம்மாதாம்பா" என்றாள். ஒரு இட்லி முழுவதும் சாப்பிட்டாள். இன்னொன்று வைத்தேன், அதிலும் பாதி சாப்பிட்டாள். பிறகு எழுந்து பின்வாசலுக்குப் போனாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஏழு மாதத்திலும் மசக்கை விடவில்லையே என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துப்போனேன். அந்தச் சமயத்தில் எனக்குள் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான் கத்தியது கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி, நீங்களும் ருசி பாருங்கள் என்று பாட்டிலை நீட்டினேன். அவர் மூக்கருகே கொண்டுபோனார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது காறிப்போயிருக்கு. சிக்கு வாடை இங்கன நிக்க முடியல. பாருங்க, ஓரத்துல பூசணம் கட்டியிருக்கு, வண்டும் கெடக்கு. இதையா புள்ளத்தாச்சிக்குக் குடுத்தீய?"

பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். பொடியில் கடுகைவிடச் சின்னதாக ஏதோ நகர்ந்தது. மாதாமாதம் நான் திறந்து திறந்து சாரல் காற்றை உள்ளே விட்டிருக்கிறேன். அரக்கு ஊற்றி அதை உள்ளேயே பூட்டியும் வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நான்தான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேனே.

அன்றைக்கே மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கிருந்து நேராக மூக்கு டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். நான் ருசித்தது எது என்று கேட்டேன். அவர் கிராம்பு எண்ணெய்ச் சீசா ஒன்றைத் திறந்து நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சீசாவை மூடிவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். குளிர், பசி, ஆவி பறக்கிற இட்லி, எண்ணெய், பல்லில் எள், கூடவே எனக்கு இருந்த ஆசை. அவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்ததும், வராத ஒன்றை மூளை பழைய ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கலாம் என்றார். "அது உங்க மனைவியோட பொடிதான் சார். ஆனா பாட்டில்ல இருந்தது இல்ல."

வீட்டுக்கு வந்ததும் மகள் பார்க்காத நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். பூசணம் என்று தெரிந்தேதான் போட்டேன். உப்பும் எரிச்சலும். மறுநாள் காலை ஐந்தருவிக்குப் போனேன். நின்றேன், நடுங்கினேன், பசியோடு வந்தேன், இட்லி ஊற்றினேன். உப்பும் எரிச்சலும். மூளைக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் அது அந்தப் பொய்யைச் சொல்ல மறுத்துவிட்டது. பாட்டிலை நானே கழுவினேன். கழுவியது போதுமா என்று முகர்ந்து பார்க்க வழியில்லாமல் ஐந்து தடவை கழுவினேன்.

மகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் காலில்கூட விழுந்திருப்பேன். மாசி மாதத்தில் அந்தப் பொடி நன்றாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு மூக்கு இருந்தது, நாக்கு இருந்தது, எல்லா வழியும் திறந்து கிடந்தது. இந்த உலகத்தில் அந்தப் பொடியை முழுதாக வாங்கிக்கொள்ளக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு நான் கொடுக்கவில்லை. என் மனைவியை நோய் கொண்டுபோனது. அவள் விட்டுப்போன மிச்சத்தைக் கெடுத்தவன் நான்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், மகள் எனக்கு எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். இட்லியும் தேங்காய்ச் சட்னியும். கொஞ்சநேரம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா. அன்னைக்கு நீங்க சாப்பிட்டப்ப நெசமாவே அம்மா பொடியாவா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"எனக்கு அது மறந்துக்கிட்டே வருது. நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வர மாட்டேங்கு. உங்களுக்குக் கடைசியா ஒரு தடவை வந்துச்சுல்லா. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கப்பா."

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"அது தெரியும்பா. எப்படி நல்லா இருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். உளுந்து மணம் என்றேன். எள் என்றேன். பூண்டு என்றேன். எந்தக் கடைப் பாக்கெட்டின் பின்பக்கத்திலும் எழுதியிருப்பது அதுதான். செத்தவன் படுத்திருந்த கோணத்தையும் திருடன் போட்டிருந்த சட்டைப் பொத்தானையும் பக்கம் பக்கமாக எழுதினவன் நான். என் மனைவி உயிரோடிருந்த இருபத்தேழு வருஷத்தில், அவள் சமைத்தது என்ன என்று தினமும் வாசலில் அறிவித்தேனே தவிர, சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை. அதனால் அதற்கான சொல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மகள் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"சரி, விடுங்கப்பா. இட்லி ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.